துவர்ப்பு தெரிந்த நாக்குக்கு ஒயின் பழக்குவது எப்படி?

நம் ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று பலகை தொங்கிய கடைகளில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் விற்ற காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, யாராவது கண்ணாடிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது, அந்தக் கோப்பை என் கைக்கே வரும் வரை.

சில வருடங்களுக்கு முன் ஒரு திராட்சைத் தோட்டத்தின் ருசிப்பு அறையில் நின்றிருந்தேன். ஊற்றிக் கொடுத்த இளைஞர், “கூஸ்பெர்ரி வாசனை வருதா சார்?” என்றார். கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நானும் நெல்லிக்காயைத் தேடித் தேடி முகர்ந்தேன். வரவில்லை. வருகிறது என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னது ஐரோப்பாவில் ஒரு முட்செடியில் காய்க்கும் பழம், நம் நெல்லிக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. உண்மையில் அந்தக் கோப்பையை முகர்ந்ததுமே எனக்குத் தோன்றியது கொய்யாப்பழம். சொன்னால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அது சோவின்யோன் பிளான் என்ற திராட்சை. கொய்யாவின் வாசனைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களில் சில அந்த ஒயினிலும் இருக்கின்றன. ஆக, என் மூக்கு சரியாகத்தான் சொன்னது. எனக்குத்தான் அதை நம்பத் தைரியமில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். ஒயின் வாசனைகளின் அகராதி வேறு ஊர்ச் சமையலறையில் எழுதப்பட்டது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியே போதும். இன்னும் சொல்லப்போனால், ஒயினில் புதியவர்களுக்கு மிகவும் குழப்பம் தரும் ஒரு சுவைக்கு நம்மிடம் குழந்தைகள்கூடச் சொல்லும் சொல் இருக்கிறது: துவர்ப்பு.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். குடிக்காதவரைக் குடிக்க வைப்பதற்கு இதை எழுதவில்லை. ‘ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 21 வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், மருந்து மாத்திரையில் இருப்பவர்கள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள் எல்லாரும் முதல் படியோடு நின்றுவிடலாம். அதில் ஒயின் கிடையாது.

முதல் படி: ஒயினுக்கு முன்னால் டீ

நான்கு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வெறும் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை. இரண்டாவதில் அதே எலுமிச்சையோடு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்றாவதில் டீத்தூளைக் கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டிய கட்டாந்தேநீர், பால் சர்க்கரை எதுவும் இல்லாமல். நான்காவதில் அதே தேநீரில் கொஞ்சம் பால்.

முதல் டம்ளரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்தால் நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. ஒயின்காரர்கள் ‘அசிடிட்டி’ என்று சொல்வது இதுதான். இரண்டாவதில் புளிப்பு குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் எச்சில் அதே அளவுதான் ஊறும். இனிப்பு புளிப்பை மறைக்கும், அழிக்காது. இனிப்பான ஒயினை ருசிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். கட்டாந்தேநீர் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் பிடித்து இழுக்கும். வாழைப்பூ, பாக்கு, மாதுளைத் தோல் கடித்தால் வருவது இதே துவர்ப்பு. தேநீரிலும் சிவப்பு ஒயினிலும் இருக்கும் டானின் என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரள வைக்கிறது. வாயின் வழுவழுப்பு போய் உலர்ந்த மாதிரி ஆவதற்கு அதுதான் காரணம். கசப்புக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வகுப்பு வகுப்பாகப் படிக்கிறார்கள். நமக்குப் பாகற்காய் கசக்கும், வாழைப்பூ துவர்க்கும். பாடம் முடிந்தது.

நான்காவது டம்ளரில் துவர்ப்பு பாதியாகியிருக்கும். டானின் இப்போது பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டதால் உங்கள் வாயை விட்டுவிட்டது. சிவப்பு ஒயினோடு சீஸும் இறைச்சியும் வைப்பதில் உள்ள ரகசியமும் இதுதான். பனீர் டிக்கா வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

இரண்டாம் படி: தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

ஒயின் செய்முறையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பனையில் கட்டிய கலயத்தில் பதநீர் தானாகக் கள்ளாவதும் இதே கதைதான். ஏறத்தாழ லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை போனால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். எனவே 13 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை உள்ள சாறு வேண்டும். அவ்வளவு இனிப்பு வரும் வரை பழத்தைக் கொடியில் விட்டுவைக்க வேண்டும், அதற்குள் புளிப்பு காணாமல் போய்விடவும் கூடாது. ஒயின் செய்பவரின் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். ஒரு பாட்டிலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ பழம் ஆகும்.

சிவப்புக்கும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம்? கறுப்புத் திராட்சை ஒன்றை நசுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சாறு நிறமில்லாமல்தான் இருக்கும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. தோலோடு சேர்த்துப் புளிக்க விட்டால் சிவப்பு ஒயின். சாற்றை முதலிலேயே பிழிந்து தனியாகப் புளிக்க விட்டால் வெள்ளை. சில மணி நேரம் மட்டும் தோலோடு ஊறவைத்துப் பிரித்தால் இளஞ்சிவப்பு நிற ரோஸே. வெள்ளையைக் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் மெதுவாகப் புளிக்க விடுவார்கள். இல்லாவிட்டால் பழ வாசனை ஆவியாகிவிடும். சிவப்புக்குச் சூடு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

இதற்கப்புறம் சிவப்பு ஒயின்களில் இரண்டாவதாக ஒரு நொதிப்பு நடக்கும். ஆப்பிளில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை ஒரு பாக்டீரியா தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்தப் பாக்டீரியா யார் தெரியுமா? நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியூகோனோஸ்டாக் இனத்தின் நெருங்கிய உறவுக்காரர். 1995 வரை விஞ்ஞானிகள் இரண்டையும் ஒரே குடும்பப் பெயரில்தான் அழைத்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து ஒயின் தொட்டியைப் பார்த்தால் எனக்கு மாவுச் சட்டி ஞாபகம் வருகிறது.

கடைசியாக மரப்பீப்பாய். பிரான்ஸின் போர்தோ பகுதியில் வழக்கமான அளவு 225 லிட்டர், அதாவது ஏறக்குறைய 300 பாட்டில். ஓக் மரம் ஒயினுக்கு வெனிலா வாசனையைத் தரும், கிராம்பு வாசனையைத் தரும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் அதிலும் உண்டு. அமெரிக்க ஓக்காக இருந்தால் தேங்காய் வாசனைகூட வரும். பீப்பாய் விலை அதிகம் என்பதால் மலிவு ஒயின்களில் ஓக் சில்லுகளைப் போட்டு ஊறவைப்பதும் உண்டு. பீப்பாய் பரவுவதற்கு முன்னால் மண்ஜாடிகள்தான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த கூர்மையான அடி கொண்ட ரோமானிய ஜாடிகளில், கடல் கடந்து வந்த ஒயினும் இருந்தது. ஆகவே இது நமக்கு ஒன்றும் அவ்வளவு புது விருந்தாளி இல்லை.

மூன்றாம் படி: மூன்று பாட்டில், நான்கு பேர்

தனியாக ஆரம்பிக்காதீர்கள். ஒரு பாட்டில் 750 மி.லி., ருசிப்பதற்கு ஒருவருக்கு 50 மி.லி. போதும். நான்கு பேர் செலவைப் பங்கு போட்டு மூன்று பாட்டில் வாங்கினால், ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும், யாருக்கும் அளவு மீறவும் செய்யாது. ஒப்பிடாமல் ஒயினைக் கற்க முடியாது. ஒரே ஒரு ராகத்தை மட்டும் கேட்டவருக்கு அது ராகம் என்றே தெரியாது.

என் பரிந்துரை: ஒரு சோவின்யோன் பிளான், ஒரு ஷெனின் பிளான் (இரண்டும் வெள்ளை), ஒரு ஷிராஸ் (சிவப்பு). மூன்றும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் விளைகின்றன, வெளிநாட்டு பாட்டிலுக்கான வரி கிடையாது. முதலாவது புளிப்பைக் காட்டும், இரண்டாவது பெரும்பாலும் லேசான இனிப்பைக் காட்டும், மூன்றாவது துவர்ப்பை. டீ டம்ளர்களில் பழகியது இங்கே கைகொடுக்கும்.

லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள்: திராட்சையின் பெயர், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் சதவீதம். வெள்ளை ஒயின் என்றால் ஆண்டு எவ்வளவு சமீபமோ அவ்வளவு நல்லது. பழைய ஒயின்தான் உசத்தி என்பது மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். ‘போர்ட்’ என்று எழுதிய மலிவான இந்திய பாட்டில்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அசல் போர்ட், போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் புளித்துக்கொண்டிருக்கும் ஒயினில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திச் செய்வது, 20 சதவீத ஆல்கஹால் வரும். நம் ஊர் போர்ட் பெரும்பாலும் பெங்களூர் புளூ திராட்சையில் செய்த இனிப்பு ஒயின். பிடித்தால் குடிக்கலாம், பாடம் படிக்க உதவாது.

கடையில் ஒரு பாட்டில் வெயில் படும் ஷெல்பில் நின்றிருந்தால் வாங்காதீர்கள். தக்கை கொஞ்சம் மேலே எழும்பியிருந்தால் அது எங்கேயோ சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். திருகு மூடி இருந்தால் தரம் குறைவு என்று நினைக்கவும் வேண்டாம். நம் வெயிலுக்கும் போக்குவரத்துக்கும் திருகு மூடியே நல்லது.

நான்காம் படி: ‘அறை வெப்பநிலை’ என்ற வம்பு

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த அறை ஐரோப்பாவில், ஹீட்டர் வருவதற்கு முந்திய காலத்தில் இருந்த அறை. 16 முதல் 18 டிகிரி. சென்னையில் மே மாதத்து அறை 33 டிகிரி. அந்தச் சூட்டில் எவ்வளவு நல்ல ஷிராஸும் இருமல் மருந்து மாதிரி இருக்கும், ஆல்கஹால் மூக்கைக் குத்தும். எனவே சிவப்பை அரை மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், மறந்துபோய் பாட்டில் வெடித்த வீடுகள் உண்டு. (எங்கள் வீடும் அதில் ஒன்று.)

புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும். விலை உயர்ந்த பாட்டிலை வாங்குவதைவிட இது பலன் தரும்.

ஐந்தாம் படி: ருசிப்பது

நேரம்: காலைப் பதினொரு மணி உத்தமம். நாக்கு புத்துணர்ச்சியாக இருக்கும். ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஃபில்டர் காபி, வெற்றிலை பாக்கு, பற்பசை எதுவும் கூடாது.

இடம்: அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் இருக்கக் கூடாது. பக்கத்தில் யாரும் கடுகு கறிவேப்பிலை தாளிக்கக் கூடாது. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தால் அழகுதான், ஆனால் எல்லா ஒயினும் மல்லிகை வாசனைதான் அடிக்கும். சென்ட்டுக்கும் இதே தடை.

கோப்பை: எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். அடி அகன்று வாய் குறுகிய மெல்லிய கண்ணாடி போதும். நான்கும் ஒரே மாதிரி இருந்தால் சரி. சோப்பு வாசனை போகக் கழுவுங்கள். கால்பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

பார்ப்பது: வெள்ளைத் தாள் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒயின் வயதாக ஆகக் கருக்கும். சிவப்பு வயதாக ஆக வெளுத்து, விளிம்பு செங்கல் நிறமாகும். கண்ணாடியில் வழியும் ‘கண்ணீர்’ கோடுகளைக் காட்டி யாராவது தரம் பற்றிப் பேசினால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். ஆல்கஹால் அதிகமென்றால் அது வழியும், அவ்வளவுதான்.

முகர்வது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். அப்புறம் கோப்பையின் அடியை மேசை மேலேயே வைத்து வட்டமாகச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். முதல் முறை வராத வாசனை இரண்டாம் முறை வரும். தோன்றியதை உடனே எழுதுங்கள், நாசூக்கு பார்க்காதீர்கள். சோவின்யோன் பிளானில் கொய்யா, அறுத்த புல், பச்சைக் குடமிளகாய். ஷிராஸில் நாவல்பழமும் மிளகும்.

மிளகு என்பது உவமையல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் ஷிராஸிலும் அந்த வாசனையைத் தருகிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு சுவாரசியம்: ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு மிளகு என்று குதிக்கும்போது உங்களுக்கு வரவில்லை என்றால், பிழை உங்கள் ரசனையில் இல்லை, மூக்கின் அமைப்பே அப்படி.

பெரும்பாலான ஒயின்களில் திராட்சை வாசனை மட்டும் வராது. அதுதான் வேடிக்கை. விதிவிலக்கு மஸ்கட் குடும்பம். தேனி மாவட்டக்காரர்களுக்கு இது பழகிய வாசனை, ஏனென்றால் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்ற வகைதான். எங்கேயாவது மஸ்கட் ஒயின் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு முகருங்கள். கம்பம் சாலையோரத்தில் பழக்கூடைகளுக்கு நடுவே நிற்கிற மாதிரி இருக்கும்.

மூக்கு சலித்துவிட்டால் உங்கள் முழங்கையின் உட்புறத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். தொழில்முறைக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

வாயில் எடுப்பது: ஒரு சின்ன வாய். நாக்கு முழுக்கப் படும்படி சுழற்றி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சர்ரென்று சத்தம் வரும். பந்தியில் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது கேள்விகள் நான்கு. எச்சில் ஊறுகிறதா? ஈறு இழுக்கிறதா? இனிக்கிறதா? தொண்டையில் சூடு தெரிகிறதா? புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹால். இந்த நான்கில் எதுவும் மற்றதை மிதிக்காமல் இருந்தால் அதைச் சமநிலை என்பார்கள்.

துப்புவது: ஆமாம், துப்ப வேண்டும். ருசிப்புக்கு வந்த எல்லாரும் முதலில் கூச்சப்படுவது இதற்குத்தான். பழைய வீடுகளில் வெற்றிலை போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் பித்தளைப் படிக்கம் இருக்குமே, அதே ஏற்பாடுதான். ஆளுக்கொரு காகிதக் கோப்பை கொடுத்துவிட்டால் கூச்சம் போய்விடும். ஆறு ஒயினைத் துப்பாமல் ருசித்தவரின் ஐந்தாவது, ஆறாவது குறிப்புகளைப் படித்துப் பாருங்கள், எழுத்தே கோணலாக இருக்கும்.

துப்பியதும் எண்ண ஆரம்பியுங்கள். ருசி எத்தனை நொடி நிற்கிறது? அதுதான் பின்சுவை. பின்சுவை என்றால் என்ன என்று நமக்கு நெல்லிக்காய் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தின்று முடித்துத் தண்ணீர் குடித்தால் இனிக்கிறதே, அது. (ருசிப்பு நாளில் நெல்லிக்காய் தின்ன வேண்டாம், எல்லா ஒயினும் இனிக்கும்.) மலிவான ஒயின் ஐந்து நொடியில் காணாமல் போகும். நல்லது அரை நிமிடம்கூட நிற்கும், அதுவும் போகப் போக மாறும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி அல்லது ஈரச் சாக்கு வாசனை வந்தால் தக்கையில் டி.சி.ஏ. என்ற பொருள் உருவாகியிருக்கிறது. உடலுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் பழ வாசனை செத்துவிடும். வினிகர் வாசனை வந்தால் பாக்டீரியாவின் வேலை. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மாதிரி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கடையிலோ உணவகத்திலோ இதைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதில் தவறே இல்லை. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த பழைய ஒயினில் மட்டும் மண்ணெண்ணெய் வாசனை வந்தால் பயப்படாதீர்கள். அது அதன் இயல்பு, அதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதுவது இப்படி இருக்கும்: “நாசிக் ஷெனின். வெளிர் மஞ்சள். பழுத்த பப்பாளி, கொஞ்சம் தேன். இனிப்பு கால், புளிப்பு அரை. பத்து நொடி. சிக்கன் 65 இருந்தால் நன்றாயிருக்கும்.” இவ்வளவு போதும்.

ஆறாம் படி: லேபிளை மறைத்து ஒரு சோதனை

நான்கைந்து முறை ருசித்தபின் கொஞ்சம் கர்வம் வரும். அப்போது இதைச் செய்யுங்கள். ஒருவர் மறைவாக மூன்று கோப்பை ஊற்றட்டும், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். முக்கோணச் சோதனை என்று ஆய்வகங்களில் நடத்துவது இதுதான். நான் முதல் முறை தோற்றேன், இரண்டாவது முறையும்.

வருத்தப்பட வேண்டாம். 2001இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், போர்தோவில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் வர்ணித்து எழுதினார்கள். மூக்கைக் கண் அவ்வளவு சுலபமாக ஏமாற்றும். விலைச்சீட்டு ஏமாற்றுவது அதைவிட அதிகம். பாட்டிலைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால் லேபிளையும் விலையையும் ஒரே நேரத்தில் மூடிவிடலாம்.

ஏழாம் படி: தோட்டத்துக்குப் போவது

பக்கத்தில் என்றால் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம். தொட்டபள்ளாப்பூர் பகுதியில் குரோவர் குடும்பம் 1988இல் ஆரம்பித்த தோட்டம் இன்று குரோவர் ஸாம்பா என்ற பெயரில் இருக்கிறது. ஒரே நாளில் போய்வரலாம். இரண்டு நாள் இருந்தால் நாசிக். மும்பையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். ராஜீவ் சாமந்த் அங்கே ஆரம்பித்த சுலா நிறுவனத்தின் முதல் ஒயின்கள் 2000இல் வந்தன. அதற்கு முன்னால் அந்த ஊர் சாப்பிடும் திராட்சைக்குத்தான் பேர்போனது. கங்காபூர் அணையின் சுற்றுப்புறத்திலேயே சுலா, யார்க், சோமா என்று அடுத்தடுத்து இருக்கின்றன.

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்டு, செப்டம்பரில். இங்கே ஏன் ஜனவரி? அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். நம் வெயிலில் அது தூங்காது. அதனால் வெட்டுக் கத்திதான் கொடியின் பஞ்சாங்கம். ஏப்ரல் வாக்கில் ஒருமுறை கவாத்து செய்வார்கள், அப்போது வரும் தளிரில் பழம் எடுப்பதில்லை. மழை ஓய்கிற செப்டம்பர், அக்டோபரில் மறுபடி கவாத்து செய்வார்கள். அதிலிருந்து பூத்துக் காய்த்துக் குளிர்ந்த இரவுகளில் பழுக்கும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரம் என்பதால் நாசிக்கில் ஜனவரி இரவுகள் நன்றாகவே குளிரும். புளிப்பைக் காப்பாற்றிக் கொடுப்பது அந்தக் குளிர்தான். பாரம்பரிய ஒயின் நாடுகள் பெரும்பாலும் 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. நாசிக் 20 டிகிரியில் இருந்துகொண்டு இதைச் செய்கிறது.

சனி ஞாயிறு போகாதீர்கள், கூட்டம் செல்ஃபி எடுக்க வந்திருக்கும். வாரநாள் காலையில் போனால் ஊற்றிக் கொடுப்பவருக்குப் பேச நேரம் இருக்கும். சுற்றிக் காட்டிவிட்டு ஐந்தாறு ஒயினை வரிசையாக ஊற்றுவார்கள், பொதுவாக வெள்ளையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடியும். அவர் வாசனைகளை ஒப்பிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், “ஒரு நிமிஷம், நாங்களே முகர்ந்து பார்க்கிறோம்” என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: இந்த வருடம் மழை எப்போது நின்றது? இது பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது? உங்கள் தோட்டத்துப் பழமா, விவசாயிகளிடம் வாங்கியதா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் ஒயினைவிட ருசியாக இருக்கும்.

வாடகை வண்டியும் ஓட்டுநரும் கட்டாயம். வாங்கிய பாட்டிலோடு மாநில எல்லை தாண்டுவதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குஜராத், பீகார் பக்கம் பேச்சே கிடையாது. வீட்டில் திராட்சையும் சர்க்கரையும் போட்டுக் கிறிஸ்துமஸ் ஒயின் செய்யும் ஆசை வந்தாலும் உங்கள் மாநிலச் சட்டத்தை முதலில் பாருங்கள்.

இன்னும் முறையாகப் படிக்க ஆசை வந்தால், லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பு நடத்தும் முதல்நிலைப் படிப்பு ஒரே நாளில் முடிந்துவிடும், இந்தியாவிலும் நடக்கிறது. ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ என்ற உச்சப் பட்டத்தை 2016இல் சோனல் ஹாலண்ட் வாங்கினார், இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல் முறை.

நம் சாப்பாட்டோடு

மேல்நாட்டு அட்டவணைகள் இங்கே உதவாது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மிளகாய்க் காரம் ஆல்கஹாலையும் துவர்ப்பையும் பெரிதாக்கிக் காட்டும். செட்டிநாட்டுக் கோழியோடு 14 சதவீதச் சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் தீ வைத்த மாதிரிதான். லேசான இனிப்புள்ள, நன்றாகக் குளிர்ந்த ஷெனின் அதே காரத்தை அணைக்கும். உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் தண்ணீராகிவிடும். அதனால் புளிக்குழம்பு, ரசம் பக்கம் ஒயினைக் கொண்டுபோகவே வேண்டாம். வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிவோமே, அந்த இடத்தில் சோவின்யோன் பிளான் உட்காரும். மிளகு போட்டுச் சுருளக் கிளறிய மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ், இரண்டிலும் இருப்பது அதே மிளகுதானே. பிரியாணிக்கு ரோஸே. தயிர்சாதத்துக்கு எதுவும் வேண்டாம், அதற்கு ஊறுகாய் இருக்கிறது.

பாட்டிலில் மீதி இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாள் தாங்கும். நான்காவது நாள் முகர்ந்து பார்த்தால் வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை வர ஆரம்பித்திருக்கும். அதற்கு மேல் அது மட்டன் ஊறவைக்கத்தான் லாயக்கு.